டிஃபென்டர் செலக்ஷன்: தோலைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தரம் பிரிக்கும் மேஜையருகே நின்று பார்த்தவர்களுக்கு இது தெரிந்த கதை. இத்தனை சதுர அடி என்று மெஷின் சொல்லிவிடும். இத்தனை மில்லிமீட்டர் கனம் என்று கேஜ் சொல்லிவிடும். உண்ணி கடித்த தழும்பையும் முள் கீறலையும் கண்டுபிடிக்கக் கண்ணும் கையும் வேண்டும். உரிக்கும்போது கத்தி பட்ட வெட்டோ சதைப்பக்கம் ஒளிந்திருக்கும். தோலைத் திருப்பிப் போட்டால்தான் அகப்படும். மெஷின் பெரிதா, கண் பெரிதா என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை.

அதே ஊர்களில் சாயங்காலம் பாஸ்கெட்பால் டீம் செலக்ஷன் நடக்கும்போது மட்டும் இந்தப் புத்தி எங்கோ போய்விடுகிறது. 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா சீனாவை 65-58 என்று வென்றது. அந்த 65-ஐ யார் யார் போட்டார்கள் என்று தேடினால் கிடைக்கும். சீனாவை 58-ல் நிறுத்தியது யார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். பள்ளி, கல்லூரி அணிகளுக்கு ஆள் எடுக்கும் பி.டி. மாஸ்டர்களுக்காகவும் கோச்சுகளுக்காகவும் இந்தக் குறிப்புகள்.

செய்ய வேண்டியவை

• பந்தை விடுங்கள், ஆளைப் பாருங்கள். குவார்ட்டர் ஒன்றுக்கு 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் ஒரே பையன்மீது கண் இருக்கட்டும். பந்து எதிர் ஓரத்தில் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான்? ஸ்கிரீன் வருகிறது என்று கூட்டாளிக்குக் குரல் கொடுக்கிறானா? ஷாட் பறந்ததும் பந்தை வேடிக்கை பார்க்கிறானா, தன் ஆளை முதுகால் அடைக்கிறானா? டிஃபென்டரின் சதைப்பக்கம் இதுதான்.

நானே இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு செலக்ஷனில் நான்கு பிளாக் அடித்த உயரமான பையனை, ஆள் எடுக்க உட்கார்ந்த நாங்கள் மூன்று பேரும் பேசி வைத்தது போல டிக் செய்தோம். இன்னொரு பையன் பெயருக்கு நேரே ஸ்டீலும் இல்லை, பிளாக்கும் இல்லை. அவன் காத்த ஆளுக்குப் பந்தே போகவில்லை என்பதை எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் அவன் எதிரணியில் வந்து எங்கள் நல்ல ஷூட்டரைக் கட்டிப் போட்டபோதுதான் உறைத்தது.

• எத்தனை பொசஷன் என்று எண்ணுங்கள். ஒரு பேச்சுக்கு, ஓர் அணி 60 பொசஷனில் 48 புள்ளி கொடுக்கிறது. ஒரு பொசஷனுக்கு 0.80. இன்னோர் அணி 80 பொசஷனில் 60 கொடுக்கிறது, 0.75. 60 கொடுத்த அணிதான் நன்றாகத் தடுத்திருக்கிறது, ஆட்டம் வேகமாக ஓடியதால் மொத்தம் கூடிவிட்டது. அமெரிக்காவில் டீன் ஆலிவர் போன்றவர்கள் வளர்த்த பெரிய கணக்குகளுக்கெல்லாம் அடித்தளம் இந்த ஒரு வகுத்தல்தான். நமக்கு ஒரு நோட்டும் கோடு போட ஒரு ஜூனியர் பையனும் போதும்.

• தடுக்கும் ஆளின் பெயருக்கு நேரே, அவன் காத்த ஆள் எங்கிருந்து எறிந்தான் என்று எழுதுங்கள். என்.பி.ஏ.வில் ஷேன் பாட்டியர் என்று ஒருவர் இருந்தார். ஸ்டீல், பிளாக், ரீபவுண்ட் எதிலும் அவர் எண்கள் பெரிதாக இருக்காது. அவர் கோர்ட்டில் இருந்தால் மட்டும் அணி நன்றாக ஆடும். எழுத்தாளர் மைக்கேல் லூயிஸ் 2009-ல் அவரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். கோபி பிரையன்ட் எறியப் போகும்போது பாட்டியர் பந்தைத் தட்டப் பாய மாட்டார். கண்ணுக்கு முன்னால் கையை நீட்டி மறைப்பார். எந்த இடத்திலிருந்து எறிந்தால் கோபிக்குக் குறைவாக விழும் என்று கணக்குப் பார்த்து, அங்கேயே தள்ளிக்கொண்டு போவார். எண்ணைப் படித்துக் காலால் ஆடியவர்.

• செல்போனை உயரமான இடத்தில் வைத்துப் படம் எடுங்கள். பத்துப் பேரும் ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். 2013-14 சீசனிலிருந்து என்.பி.ஏ. அரங்குகள் அனைத்திலும் கூரையில் கேமரா பொருத்தி ஒவ்வோர் ஆட்டக்காரரின் நகர்வையும் பதிவு செய்தார்கள். நமக்கு மொட்டை மாடி இருக்கிறது.

செய்யக்கூடாதவை

• ஸ்கோர்ஷீட்டை வைத்து டிஃபென்ஸுக்கு மார்க் போடாதீர்கள். அதில் இருப்பது புள்ளியும் ஃபவுலும்தான். ஃபவுல் குறைவு என்றால் நல்ல தடுப்பு என்றும் ஆகாது. கிட்டேயே போகாதவனுக்கு ஃபவுல் எப்படி வரும்?

• பிளாக்கைப் பார்த்து மயங்காதீர்கள். கைதட்டல் வாங்கும் பிளாக்கில் பல, பந்தைக் கோட்டுக்கு வெளியே அனுப்புபவை. திரும்பப் பந்து எதிரணிக்கே. 13 சீசனில் 11 பட்டம் வென்ற பில் ரஸல் பந்தைக் கோர்ட்டுக்குள்ளேயே தட்டித் தன் ஆட்களுக்குக் கொடுப்பார் என்று பெயர் பெற்றவர். அவருடைய பிளாக் எத்தனை என்று அதிகாரபூர்வக் கணக்கே கிடையாது, என்.பி.ஏ. அதை எண்ணத் தொடங்கியது 1973-74-ல், அவர் ஓய்வு பெற்ற பிறகு.

• ஸ்டீலுக்கும் அதே எச்சரிக்கை. என்.பி.ஏ.வில் ஆலன் ஐவர்சன் 2001 முதல் 2003 வரை மூன்று சீசனிலும் ஸ்டீலில் முதலிடம். ஒரு தடவைகூட சிறந்த தடுப்பாட்ட அணியில் அவரைச் சேர்க்கவில்லை. கைவைத்துத் தவறினால் பின்னால் நிற்பவன் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். அந்தச் செலவு எந்தப் பட்டியலிலும் ஏறாது.

• ஒரே மேட்சின் பிளஸ்-மைனஸை, அதாவது ஒருவன் கோர்ட்டில் இருந்தபோது அணி போட்ட புள்ளிக்கும் கொடுத்த புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை, நம்பாதீர்கள். கூட ஆடிய நாலு பேரின் பாவ புண்ணியமும் அதில் சேர்ந்திருக்கும். எதிரணியின் மூன்று புள்ளி ஷாட் விழாமல் போனதையும் டிஃபென்டர் கணக்கில் எழுதிவிடாதீர்கள், பாதி அதிர்ஷ்டம். எறியவே விடாமல் செய்தானா என்று பாருங்கள்.

• உயரம் அளந்ததோடு நிறுத்தாதீர்கள்.

• “இருபது வருஷமா பாக்கறேன் சார், எனக்குத் தெரியாதா” என்பவரிடம் மட்டும் முடிவை விடாதீர்கள். இருபது வருஷமும் அவர் பந்தைத்தான் பார்த்திருப்பார். லேப்டாப்போடு வந்து கோர்ட் பக்கம் தலை நிமிராத தம்பியிடமும் விடாதீர்கள். இருவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வையுங்கள். தம்பி எண்ணைச் சொல்லட்டும், பெரியவர் காரணத்தைச் சொல்லட்டும். இரண்டும் ஒத்துப்போகாத பையனின் வீடியோவை மூன்றாம் முறையும் போட்டுப் பாருங்கள்.

அடுத்த செலக்ஷனுக்கு வரும்போது விசிலோடு ஒரு நாற்பது பக்க நோட்டையும் எடுத்து வாருங்கள், மாஸ்டர்.