திருச்சி டிக்கெட்டும் புள்ளிக் கணக்கும்

மலேசியாவின் தெலுக் இந்தானில் சேலைக் கடை வைத்திருப்பவனுக்குத் திருச்சிக்குப் பறப்பது தொழிலில் பாதி. தீபாவளிச் சரக்கு, பொங்கல் சரக்கு, நடுவில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். பறந்து சேர்கிற புள்ளியில் ஒரு டிக்கெட் ஓசியாகக் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஆட்வான்டேஜ் திட்டத்தைத் தொடங்கியபோது பறந்த தூரத்துக்குத்தான் மைல் என்ற புள்ளி. வெகுகாலம் பெரும்பாலான நிறுவனங்கள் அந்தக் கணக்கில்தான் ஓடின. 2015-ல் டெல்டா ஏர்லைன்ஸ் அதைச் செலவழித்த பணத்துக்கு மாற்றியது. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் அதே வழிக்கு வந்தது. மறு வருடம் திட்டத்தின் பெயரும் மகாராஜா கிளப் ஆனது. மாதக்கணக்கில் முன்னாலேயே மலிவாக டிக்கெட் பிடிக்கும் நமக்கு இதில் சொற்பம்தான். கம்பெனிக் காசில் கடைசி நேரத்தில் வாங்குகிறவருக்குத்தான் யோகம்.

எனக்குத் தெரிந்த சிலர் உறுப்பினர் அட்டையின் அந்தஸ்து இறங்காமலிருக்க வருடக் கடைசியில் வேலையே இல்லாமல் பறக்கிறார்கள். “நூறு வெள்ளி கூடப் போனா என்னண்ணே, பாயிண்ட் வருதுல்ல?” என்கிறார் பக்கத்துக் கடைத் தம்பி. அந்த நூறு வெள்ளிக்கு வரும் புள்ளியை வெள்ளியாக்கிப் பார்த்தால் தே தாரிக் காசு! நான் ஏர் ஏசியா, பாத்திக் ஏர் இரண்டையும் பார்த்து, திரும்பி வரும்போது ஏற்றும் சேலை மூட்டையின் எடைக் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டி, எது குறைவோ அதில் ஏறுகிறேன். சரக்குக்காரனுக்கு டிக்கெட் விலையைவிடக் கிலோ கணக்குதான் முக்கியம்.

பலர் கவனிக்காத ஒன்று நம் பெயர். மலேசியக் கடப்பிதழில் ஏ/எல் (இன்னாரின் மகன்), ஏ/பி (இன்னாரின் மகள்) இருக்கும்; டிக்கெட் பதிவில் அந்தச் சாய்கோடு ஏறாது. ஒரு தடவை ‘ஏஎல்’ என்று அடிப்போம், மறு தடவை விட்டுவிடுவோம். உறுப்பினர் கணக்கில் வேறு மாதிரி இருந்தால் புள்ளி தானாக ஏறாமல் போகலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். புள்ளி ஏறும்வரை போர்டிங் பாஸைக் கிழித்துப் போடாதீர்கள்.

கடன்பற்று அட்டைப் புள்ளிகளை அவசரப்பட்டு விமானக் கணக்குக்கு மாற்றவும் வேண்டாம். மாற்றினால் பெரும்பாலும் திரும்ப வாங்க முடியாது. நாளைக்கே விமான நிறுவனம் ஒரு டிக்கெட்டுக்கு வேண்டிய புள்ளியைக் கூட்டலாம். இருக்கை இருக்கிறதென்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ‘இலவச’ டிக்கெட்டுக்கும் விமான நிலைய வரி கட்டவேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விதிகள் மோசமானால், புகார் சொல்லி என்ன ஆகும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2023-ல் டெல்டா அந்தஸ்து விதிகளை இறுக்கியபோது வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். எல்லை மீறிவிட்டோம் என்று அதன் தலைவர் எட் பாஸ்டியனே ஒப்புக்கொண்டார்; சில விதிகளைத் தளர்த்தினார்கள்.

புள்ளி வைத்திருப்பவர்கள் இன்றே கணக்கைத் திறந்து காலாவதித் தேதியைப் பாருங்கள். தீபாவளி வாரத்தில் புள்ளிக்கு இருக்கை கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆடி மாதத்தில் தேடிப் பாருங்கள்.