தொடையில் ஒரு கட்டி

அன்புள்ள மதி,

அடுத்த வாரம் குழந்தைகள் அறுவைச் சிகிச்சை வார்டுக்குப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பாடப்புத்தகம் நாலு வரியில் முடித்துவிடுகிற ஒரு நோயை உனக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நாலைந்து வயதுப் பிள்ளை. தொடையிலோ பிட்டத்திலோ வீக்கம். மாதக்கணக்கில் மெல்லப் பெருத்திருக்கும். பெரும்பாலும் வலி, காய்ச்சல் எதுவும் இருக்காது. தொட்டால் மரக்கட்டை மாதிரி கெட்டி. சார்கோமாவோ என்று நெஞ்சு பதறும். அதையும் தேடத்தான் வேண்டும். ஆனால் வீக்கத்தின் விளிம்பைத் தடவிப் பார். விரல் நுனியை அடியில் நுழைத்து விளிம்பைத் தூக்க முடிகிறதா? அப்படியானால் பேசிடியோபோலஸ் என்ற பூஞ்சையை நினைத்துக்கொள்.

தவளை, பல்லிகளின் குடலிலும் மக்கும் இலைதழையிலும் இருப்பது அது. 1886இல் ஐடாம் என்பவர் தவளையின் கழிவில் கண்டு எழுதினார். மனிதரையும் தாக்கும் என்று தெரிந்தது 1956இல், இந்தோனேசியாவில். நம் தென்னிந்தியப் பிள்ளைகளுக்கும் வருகிறது. சவுதி அரேபியாவிலும் அரிசோனாவிலும் குடலைத் தாக்கியிருக்கிறது. லிம்போமா என்று எண்ணிக் குடலை வெட்டி எடுத்த பிறகே பூஞ்சை என்று தெரிந்தவர்கள் உண்டு. நம் ஊரில் காசநோயை யாரும் மறப்பதில்லை, இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

பயாப்ஸி எடுக்கும்போது பக்கத்திலேயே நில். எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலினில் போட்டால் பூஞ்சை செத்துவிடும். பிறகு கல்ச்சரில் ஒன்றும் வளராது. ஒரு துண்டைச் சலைனில் போட்டு மைக்ரோபயாலஜிக்கு நீயே கொண்டுபோ. 'பூஞ்சை சந்தேகம், அரைக்காமல் நறுக்கிப் போடுங்கள்' என்று படிவத்தில் எழுது. அரைத்தால் இழைகள் சிதைந்துபோகும். வளர்ந்த தட்டின் மூடியைக் கட்டாயம் பார். வித்துகளை மேலே வீசி மூடியின் உள்பக்கம் ஒட்டவைத்திருக்கும், அத்தனை வேகம் அதற்கு! ஃபார்மலின் துண்டின் ஸ்லைடில் ஈயோசினோஃபில்கள் மொய்த்திருக்கும். நடுவே அகன்ற இழைகள், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை.

முடிவு வருவதற்குள் பிள்ளையின் தாய் உன்னை மடக்கிக் கேட்பாள். "இன்னும் தெரியலைம்மா, கேன்சரா கிருமியா ரெண்டையும் தேடுறோம்" என்று உட்கார்ந்து சொல். அவளுக்கு உண்மை தெரியவேண்டும்.

பூஞ்சைதான் என்றால் இட்ரகோனசோல் அல்லது பொட்டாசியம் அயோடைடு. தோலடி நோய்க்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படாது. ஆனால் மாதக்கணக்கில் மருந்து வேண்டும். வீக்கம் இளகியதும் சரியாகிவிட்டது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஊருக்கு அனுப்பும் முன் அடுத்து வரவேண்டிய தேதியைச் சீட்டில் பெரிதாக எழுதிக் கொடு.

அன்புடன்,
பெரியம்மா