சாக்கோட்டையில் மனை: அட்வான்ஸ் கொடுக்கும் முன்

வேலை சென்னையில் அல்லது சிங்கப்பூரில். வீடு மட்டும் காரைக்குடியை அடுத்த சாக்கோட்டைப் பக்கம். இந்தத் திட்டத்தோடு மனை தேடுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டுமில்லை. 2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனபின் போட்டி கூடியிருக்கிறது. 'நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க சார்' என்பார் புரோக்கர். வரட்டும். ஆபீஸில் ஒரு வெண்டரை ஓகே செய்யும் முன் எத்தனை டாக்குமென்ட் கேட்பீர்கள்? பல வருடச் சம்பளத்தைப் போடும் இடத்தில் அதைவிடக் கறாராக இருங்கள்.

1. பட்ஜெட்டை முதலில் முடியுங்கள். என் அளவுகோல்: இ.எம்.ஐ., கைக்கு வரும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், நல்ல ஆஃபர் வந்தாலும் வேலை மாறும் தைரியம் வராது. முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% தனி. 20 லட்சம் மதிப்புள்ள மனைக்கு இதுவே 1.8 லட்சம். மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து பெண் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1% குறையும். மனைவி பெயரிலோ அம்மா பெயரிலோ வாங்க யோசியுங்கள்.

2. அளவு: ஐந்தரை சென்ட், அதாவது சுமார் 2,400 சதுர அடி. காரணம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, முதல் தளத்தோடு சேர்த்தோ வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கும். ஒரு சென்ட் கூட வாங்கினால் இந்தச் சலுகை போய்விடும்.

3. 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். லேஅவுட்டுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை. நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி.யின் அனுமதி எண்ணைக் கேளுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவின் பதிவு எண்ணும் வேண்டும். அனுமதியற்ற பழைய மனை என்றால், 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்றுப் பதிவானதா, 2017 விதிகளின்படி வரன்முறை செய்த ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். ஆணை இல்லாத மனைக்கு வங்கி லோன் தராது, பிளான் அப்ரூவலும் சிக்கும்.

4. இனி முக்கியமான விஷயம். செட்டிநாட்டில் மனையைவிட மனைக்காரர்களை எண்ணுவதுதான் கஷ்டம். ஒரு பிள்ளை மலேசியாவில், ஒருவர் கோயம்புத்தூரில், அத்தை வாரிசுகள் யாரென்றே தெரியாது. வில்லங்கச் சான்று 'க்ளீன்' என்று புரோக்கர் நீட்டுவார். அதில் வருவது பதிவான பத்திரங்கள் மட்டும். தாத்தா இறந்தது வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. பதியாத உயில் வராது.

அதனால் மூலப்பத்திரத்திலிருந்து இன்றுவரை ஒவ்வொரு கைமாற்றத்தையும் வரிசையாக எழுதுங்கள். நடுவில் ஒருவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். மகள்களின் கையெழுத்தை விடவே கூடாது. கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு தந்து தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது. 2005-ல் நாடு முழுக்க வந்தது. 'அக்காவுக்குக் கல்யாணத்திலேயே செஞ்சாச்சு' என்பது கோர்ட்டில் நிற்காது.

விற்பவர் பவர் பத்திரத்தோடு வந்தால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று வீடியோ காலில் பாருங்கள். அவர் இறந்தால், அபூர்வமான விதிவிலக்குகள் தவிர, பவரும் முடிந்தது. பவர் பத்திரத்தை மட்டும் வைத்து உரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சார்பதிவாளருக்கு உரிமையை ஆராய்ந்து தீர்மானிக்கும் அதிகாரம் இல்லை என்றும் 2025 ஏப்ரலில் சொன்னது. அதாவது பத்திரம் பதிவாகிவிட்டாலும் இடம் உங்களுடையது என்று யாரும் கேரன்ட்டி தரவில்லை. அந்த வேலையை உங்கள் வக்கீல்தான் செய்ய வேண்டும். புரோக்கர் கூட்டிவரும் வக்கீல் வேண்டாம், நீங்களே ஒருவரைப் பிடியுங்கள்.

5. மனையை நவம்பரில் பாருங்கள். ஏப்ரலில் எல்லா மனையும் மேடுதான். வடகிழக்குப் பருவமழையில் எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த வரத்துக்கால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்று பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். பழைய செட்டிநாட்டு வீடுகள் உயர்ந்த அடித்தளத்தில் நிற்பதையும், தெருத் தண்ணீர் ஊரணிக்கு ஓடுவதையும் கவனியுங்கள். அந்தக் காலத்தவர்கள் தண்ணீர் போகும் வழியை மறிக்காமல் கட்டினார்கள். கிராமக் கணக்கின் 'அ' பதிவேட்டில் வாய்க்கால், கண்மாய், ஊரணி, கோயில் நிலம் என்று ஏதாவது வந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விலகுங்கள். புல வரைபடத்தோடு சர்வேயரை வைத்து நான்கு மூலையும் அளந்து பாருங்கள். புதுவயல் பக்கம் போனால் அரிசி ஆலை எவ்வளவு தூரம், காற்று எந்தத் திசை என்பதும் கணக்கில் வரட்டும்.

6. பேரம் ஒரு இன்டர்வியூ. வங்கியின் முன் அனுமதிக் கடிதத்தோடு போனால் 'பணம் ரெடியான ஆள்' என்ற இம்ப்ரெஷன் விழும், விலை இறங்கும். போனஸ் வந்ததைப் பற்றியும் 'கல்யாணத்துக்குள் வீடு முடியணும்' என்பதைப் பற்றியும் வாயே திறக்காதீர்கள். அட்வான்ஸை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்பவருக்கு இதைச் சொன்னால் அவரே செக் கேட்பார். அக்ரிமென்ட்டைப் பதிவு செய்யுங்கள்.

7. கிரயம் முடிந்த வாரமே உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு அப்ளை செய்யுங்கள். பிறகு மூலைக்கல், கம்பி வேலி, பெயர்ப் பலகை. வெளியூரில் இருக்கிறவர் என்றால் பக்கத்து மனைக்காரரின் நம்பரை வாங்கி, பொங்கலுக்கு ஊர் வரும்போதெல்லாம் நேரில் பாருங்கள். வருடம் ஒருமுறை பதிவுத் துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். உங்கள் சர்வே எண்ணில் தெரியாத பெயர் ஏதாவது வந்தால், அன்றைக்கே வக்கீலுக்கு போன் போடுங்கள்.