டீத்தண்ணியும் ஞாபக சக்தியும்



இந்த மாதப் பாடம் நாம் தினமும் கையில் பிடிக்கிற டீ டம்ளரைப் பற்றியது. டீ, காப்பி குடித்தால் மூளை சுறுசுறுப்பாகுமா? ஞாபக சக்தி கூடுமா, குறையுமா? இதைப் பாடமாக எழுதக் காரணம் ஒரு குழுவில் நடந்த சம்பவம்தான். அந்த உறுப்பினர்களிடம் சம்மதம் கேட்டு, ஊர் பேர் சொல்லாமல் எழுதுகிறேன்.

கணக்கில் ஏறாத 500 ரூபாய்

அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா பத்து வருடத்துக்கு மேலாகக் கணக்கு எழுதுகிறவர். ஒரு கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர், "போன மாசம் கடன் தவணை 500 ரூபாய் கட்டினேன், பாஸ்புக்கில் காணோமே" என்று கேட்டார். பேரேட்டிலும் இல்லை. அக்காவுக்கு வாங்கிய ஞாபகமே இல்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. "பத்து வருசமா இப்படி எத்தனை 500 போச்சோ" என்று ஒருவர் சொல்லியும் விட்டார்.

பிரதிநிதிகள் இருவரும் நானும் உட்கார்ந்து வங்கிச் செலானையும் பேரேட்டையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தோம். செலானில் 500 ரூபாய் கூடுதலாக இருந்தது. பணம் ஒழுங்காக வங்கிக்குப் போயிருக்கிறது. எழுதத்தான் மறந்திருக்கிறார்.

அக்கா அழுதுவிட்டார். "காசுன்னா எப்படியாவது கட்டிடுவேன் மேடம். எனக்கு இப்பல்லாம் எதுவுமே நெனப்புல நிக்கிறதில்ல. எங்க மாமியாருக்கு வந்த மாதிரி மறதி வியாதி வந்துருச்சோன்னு பயமா இருக்கு" என்றார்.

அவருடைய ஒரு நாளைக் கேட்டேன். விடியற்காலை எழுந்ததும் வரக்காப்பி. களையெடுக்கப் போகும் முன் டீ. காலைச் சாப்பாடு பெரும்பாலும் கிடையாது. பதினோரு மணிக்குச் சோறு, கையோடு ஒரு டீ. சாயங்காலம் ஒரு டீ. இரவு எட்டு மணிக்குக் கணக்கு எழுத உட்காரும்போது தூக்கம் வராமலிருக்க டம்ளர் நிறைய கடுப்பான டீ. பதினொன்றுக்குப் படுத்தாலும் ஒரு மணி வரை புரண்டு கொண்டே இருப்பாராம்.

நம்மில் எத்தனை பேருடைய நாள் இப்படித்தான் ஓடுகிறது?

டீ உள்ளே போனதும் என்ன நடக்கிறது?

டீயிலும் காப்பியிலும் காஃபின் என்ற பொருள் இருக்கிறது. 1819இல் ஜெர்மனியைச் சேர்ந்த ரூங்கே என்ற விஞ்ஞானி இதைக் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். கோலா குளிர்பானங்களிலும் இது உண்டு.

நாம் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது மூளையில் தனக்கான இடங்களில் போய் உட்கார்ந்ததும் "போதும், படு" என்ற உணர்வு வரும். காஃபின் பார்ப்பதற்கு அடினோசின் போலவே இருக்கும். பஸ்ஸில் நம் சீட்டில் வேறு ஒருவர் துண்டு போட்டு வைக்கிற மாதிரி, அந்த இடத்தை அது முந்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் களைப்பு இருந்தும் நமக்குத் தெரியாது.

ஆக, டீ நமக்குப் புதிதாகச் சத்து எதுவும் தருவதில்லை. இரவுத் தூக்கத்திலிருந்து கைமாற்று வாங்கித் தருகிறது. அந்தக் கடனை நாம்தான் அடைக்க வேண்டும்.

அப்படியென்றால் ஞாபக சக்திக்கு நல்லதா, கெட்டதா?

உண்மையைச் சொன்னால், அளவாகக் குடித்தால் கவனம் கூடும். 2014இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியில், காஃபின் பழக்கம் அதிகம் இல்லாதவர்களுக்குச் சில படங்களைக் காட்டிய பிறகு 200 மில்லிகிராம் காஃபின் கொடுத்தார்கள். மறுநாள் அவர்கள் ஒன்று போலிருக்கும் படங்களை மற்றவர்களைவிட நன்றாக வேறுபடுத்திச் சொன்னார்கள். ஆனால் இதைக் கேட்டுவிட்டு இன்னொரு டம்ளர் போடக் கிளம்ப வேண்டாம்!

பகலில் பார்த்தது, கேட்டது எல்லாம் மூளையில் முதலில் ரஃப் நோட்டில் எழுதியது போல்தான் இருக்கும். இரவு நாம் தூங்கும்போதுதான் மூளை அதைப் பேரேட்டில் ஏற்றுகிறது. தூக்கம் குறைந்தால் பதிவு குறையும். மறுநாள் கவனமும் சிதறும். கவனமில்லாமல் வாங்கிய காசு ரஃப் நோட்டில்கூட ஏறாது.

குடித்த காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு எட்டு மணிக்குக் குடித்த டீயில் பாதி, நடுராத்திரி ஒரு மணிக்கும் உடம்பில் இருக்கும். 2013இல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், படுக்கப் போவதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபின் எடுத்தவர்களுக்குக்கூட ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது.

நான் கல்லூரியில் படிக்கும்போது பரீட்சைக்கு முந்தைய ராத்திரி பிளாஸ்க் நிறைய காப்பி வைத்துக்கொண்டு விடிய விடியப் படித்திருக்கிறேன். காலையில் கேள்வித்தாளைப் பார்த்தால், படித்த பக்கம் கண்ணுக்குத் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. உங்கள் பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் ராத்திரி காப்பி போட்டுக் கொடுக்காதீர்கள். நேரத்தோடு தூங்கச் சொல்லுங்கள்.

வயதான காலத்தில் வரும் மறதி நோய் பற்றியும் கேட்கிறீர்கள். நடுவயதில் தினம் 3 முதல் 5 கோப்பை காப்பி குடித்தவர்களுக்கு அந்த நோய் குறைவாக வந்தது என்று 2009இல் பின்லாந்து ஆய்வு சொன்னது. 6 கோப்பைக்கு மேல் குடித்தவர்களுக்கு அதிகமாகக் காணப்பட்டது என்று 2021இல் பிரிட்டன் மக்களை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. இரண்டுமே குடிப்பவர்களையும் மற்றவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தவை. காப்பிதான் காரணம் என்று இவற்றை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எனவே மறதிக்கு மருந்தாக நினைத்தும் குடிக்க வேண்டாம், அளவாகக் குடிப்பதற்குப் பயப்படவும் வேண்டாம்.

நாம் கவனிக்க வேண்டியது ரத்தசோகை

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 53 பேருக்கு ரத்தசோகை. ரத்தம் குறைந்தால் மூளைக்கு வேண்டிய பிராணவாயுவும் குறையும். களைப்பு, தலைசுற்றல், கவனக்குறைவு, மறதி எல்லாம் வரும். உடனே நாம் என்ன செய்கிறோம்? "அசதியா இருக்கு, ஒரு டீ போடு" என்கிறோம். டீயில் உள்ள டானின், கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். சாப்பாட்டோடு டீ குடித்தால் சத்து பாதி வீண். அசதி கூடும், மறுபடி டீ. இது கந்துவட்டி மாதிரி, கட்டக் கட்டத் தீராது.

அக்காவை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8 கிராம்தான் இருந்தது. 12 இருக்க வேண்டும். சத்து மாத்திரை கொடுத்து, சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டும் பார்க்கச் சொன்னார்கள்.

எவ்வளவு குடிக்கலாம்?

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில் உள்ள கணக்கு இது:

ஒரு கப் டீயில்: 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின்
இன்ஸ்டன்ட் காப்பியில்: 50 முதல் 65 மில்லிகிராம்
டிகாக்‌ஷன் காப்பியில்: 80 முதல் 120 மில்லிகிராம்
ஒரு நாளைக்கு மொத்தம்: 300 மில்லிகிராமுக்குள்

நாம் செய்யக்கூடியவை

1. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் பின்பும் டீ, காப்பி வேண்டாம்.
2. சத்து மாத்திரையை டீயோடு விழுங்கவே கூடாது. எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை இரும்புச்சத்து சேர உதவும்.
3. காலையில் டீக்குப் பதில் முதலில் சாப்பாடு. கம்மங்கூழோ, பழைய சோறோ, இருப்பதைச் சாப்பிடுங்கள்.
4. கடைசி டீ மதியம் மூன்று மணிக்குள் முடியட்டும். சாயங்காலம் காப்பித்தூள் போடாத சுக்கு மல்லிக் காப்பி குடிக்கலாம்.
5. திடீரென்று நிறுத்தினால் தலைவலி, எரிச்சல் வரும். சில நாளில் சரியாகிவிடும். வாரம் ஒரு டம்ளராகக் குறைப்பது நல்லது.
6. கர்ப்பிணிகளுக்குக் காஃபின் உடம்பை விட்டுப் போக அதிக நேரம் ஆகும், குழந்தைக்கும் போய்ச் சேரும். அதனால் நன்றாகக் குறைத்து, கிராம சுகாதார செவிலியரிடம் ஆலோசனை கேளுங்கள்.
7. தெரிந்த வழி மறப்பது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, பேசும்போது சொல் வராமல் தடுமாறுவது இருந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் போங்கள்.

அந்தக் குழு எடுத்த தீர்மானம்

மூன்று மாதம் கழித்து அக்காவைப் பார்த்தேன். "மறதி முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன் மேடம். ஆனா படுத்தா தூங்குறேன். தலை சுத்தல் இல்ல" என்றார். டீ மூன்று டம்ளராகக் குறைந்திருக்கிறது.

குழுவும் மாறியது. கணக்கை ஊக்குநர் வீட்டுக்கு எடுத்துப் போய் ராத்திரியில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். கூட்டத்திலேயே எழுதி, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்து, பாஸ்புக்கில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எழுந்திருக்கிறார்கள். "எத்தனை 500 போச்சோ" என்று கேட்டவரே இப்போது உடன் உட்கார்ந்து கணக்கு எழுதப் பழகுகிறார். ஒருவருடைய ஞாபகத்தை மட்டும் நம்பிப் பத்து வருடம் குழுவை நடத்தியது நம் எல்லோருடைய தவறுதானே?

கூட்டத்தில் கலந்து பேச

• நாம் ஒவ்வொருவரும் ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் குடிக்கிறோம்? கடைசி டம்ளர் எத்தனை மணிக்கு?
• பசிக்குப் பதிலாக டீ குடிக்கிறவர் நம் குழுவில் யார் யார்?
• கடந்த ஒரு வருடத்தில் ரத்தப் பரிசோதனை செய்தவர்கள் எத்தனை பேர்?
• நம் குழுக் கணக்கு எங்கே, எந்த நேரத்தில் எழுதப்படுகிறது?

பேசி முடித்ததும், எல்லோரும் சேர்ந்து ரத்தப் பரிசோதனைக்குப் போகும் தேதியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நான் அடுத்த முறை வரும்போது முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பேன்.

அன்புடன்,
உங்கள் கள ஒருங்கிணைப்பாளர்