அழைப்புப் பெறாத வெற்றியாளர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையில் சான்பிரான்சிஸ்கோ என்னும் துறைமுக நகர் உள்ளது. அந்நகரில் இயேசு சபைத் துறவியர் நிறுவிய பல்கலைக்கழகம் ஒன்று, நகரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்குகிறது. 1951ஆம் ஆண்டில் அதன் காற்பந்துக் குழுவினர் ஒன்பது ஆட்டங்கள் ஆடினர், ஒன்பதிலும் வென்றனர். அவ்வெற்றிக்கு ஈடாக அவர்கள் பெற்றது யாது, இழந்தது யாது என்பதை இங்கே காண்போம்.

காற்பந்து என்றவுடன் நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே எண்ணுவோம். அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். அதன் பந்து உருண்டையாக இராது. இரு முனையும் கூம்பி நீண்டிருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடலாம், எறியவும் செய்யலாம். பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். நூறு கெஜ நீளமுள்ள களத்தில், எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைக் கொண்டு சேர்த்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். பந்தேந்தி வருபவனை எதிர்ப்பக்கத்தார் பற்றி வீழ்த்த முயல்வர். அவன் பக்கத்தாரோ தம் உடலையே அரணாக்கி அவனுக்கு வழி செய்வர். ஓடுபவன் பெயர் ஊரெங்கும் பரவும். வழி செய்தவன் பெயரைப் பலர் அறியார். ஆயினும் அவனின்றி ஓட்டம் ஏது?

அக்குழுவின் பயிற்சியாளர் ஜோ குகாரிச் என்பவர் கண்டிப்பு மிக்கவர். பருவம் தொடங்குமுன் தம் மாணவரைக் கார்னிங் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்று, கடும் வெயிலில் பயிற்சி அளித்தார். அங்கே வாடியவர்களுள் பலவகை மாந்தர் இருந்தனர். ஜீனோ மார்க்கெட்டி இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் தோன்றியவர். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியக் களத்தில் போரிட்டுத் திரும்பியவர். பாப் செயின்ட் கிளேர் ஆறரை அடிக்கு மேல் உயர்ந்த மலை போன்ற இளைஞர். ஆலி மாட்சன், பர்ல் டோலர் ஆகிய இருவரும் கறுப்பினத்தவர். மாட்சன் பந்தேந்தி ஓடுவதில் வல்லவர். டோலர் எதிரியின் ஓட்டத்தைத் தடுத்து வீழ்த்துவதில் வல்லவர்.

பருவம் தொடங்கியது. சான்ஹோசே, ஐடஹோ முதலிய குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. நியூயார்க் நகருக்குச் சென்று ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோடு ஆடிய ஆட்டமே கடினமாக அமைந்தது. அன்று எதிரி உதைத்த பந்தை மாட்சன் இரு முறை பற்றிக்கொண்டு, ஏறத்தாழக் களம் முழுவதையும் கடந்தோடி எல்லை சேர்த்தார். 32க்கு 26 என்னும் கணக்கில் வெற்றி கிட்டியது. பருவம் முடிந்தபோது மாட்சன் ஓடிய தொலைவு 1,566 கெஜம். அவ்வாண்டு அந்நாட்டுக் கல்லூரி ஆட்டக்காரருள் அவரினும் மிகுதியாக ஓடியவர் ஒருவரும் இலர்.

அமெரிக்காவில் கல்லூரிக் குழுக்களுள் சிறந்தவற்றைப் புத்தாண்டை ஒட்டிச் சில நகரங்கள் தம் அரங்குக்கு அழைப்பது வழக்கம். அவ்விழா ஆட்டங்களுக்குப் ‘பவுல்’ என்று பெயர். அழைப்புப் பெறுவது பெருமை; அதனுடன் பெரும்பணமும் வரும். சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அப்போது பெருமையைவிடப் பணமே இன்றியமையாததாக இருந்தது. அருகிலேயே கலிபோர்னியா, ஸ்டான்போர்டு என்னும் பெரிய பல்கலைக்கழகங்கள் இருந்தன. மக்கள் அவற்றின் ஆட்டங்களையே நாடிச் சென்றனர். சிறிய கல்லூரிக்கோ காற்பந்தால் ஆண்டுதோறும் நட்டமே மிஞ்சியது. ஒரு பவுல் அழைப்பு வந்திருப்பின் அந்நட்டத்தின் சுமை குறைந்திருக்கும்.

பசிபிக் கல்லூரியை 47க்கு 14 என்று வென்ற பின்னர் அழைப்பு வரும் என்றே எல்லாரும் எதிர்பார்த்தனர். ஆனால் ஆரஞ்சு பவுல், சுகர் பவுல், கேட்டர் பவுல் ஆகிய மூன்றும் தென்மாநிலங்களில் நிகழ்பவை. அக்காலத்தில் அம்மாநிலங்களில் கறுப்பர்க்குத் தனிப் பள்ளி, தனி விடுதி, பேருந்தில் தனி இருக்கை. பள்ளிகளில் அவ்வாறு பிரித்து வைப்பது சட்டத்துக்கு மாறானது என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல்தான். கறுப்பர் இடம்பெற்ற குழுவோடு ஆடத் தென்னகக் கல்லூரிகள் பல இசைவதில்லை.

மாட்சனையும் டோலரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்பு உண்டு என்னும் செய்தி தம்மிடம் வந்ததாக அக்குழுவினர் பிற்காலத்தில் எடுத்துரைத்தனர். இருவர் நீங்கினால் மற்றவர் அனைவருக்கும் புகழ், கல்லூரிக்கும் பணம். எண்ணிப் பார்த்தால் எளிதில் மயங்கக்கூடிய இடமே அது. அங்கே இருந்தவர் யாவரும் இருபதை ஒட்டிய வயதினர். அத்தகைய வாய்ப்பு மீண்டும் வாராது என்பதையும் அறிந்தவர். ஆயினும் அவர்கள் வாக்கெடுப்பும் நடத்தவில்லை. நெடுநேரம் வாதிடவும் இல்லை. இருவரும் இல்லாமல் நாங்கள் வரமாட்டோம் என்று மறுத்துவிட்டனர். களத்தில் ஒருவனுக்கு மற்றவன் உடலை அரணாக்கிப் பழகியவர்க்கு வேறு மறுமொழி தோன்றவில்லை போலும்.

இறுதி ஆட்டத்தில் லயோலாவை 20க்கு 2 என்று வென்று அவர்கள் வீடு திரும்பினர். 1952 புத்தாண்டு நாளில் ஆரஞ்சு பவுல் அரங்கில் ஆடியவை ஜார்ஜியா டெக், பேய்லர் என்னும் குழுக்கள். அவற்றுள் ஒன்று அப்பருவத்தில் ஓர் ஆட்டத்தைச் சமநிலையில் முடித்திருந்தது. மற்றொன்றோ தோல்வியும் கண்டிருந்தது. ஒன்பதும் வென்ற குழுவினர் அன்று எந்தக் களத்திலும் இலர். அவர்களுடைய பல்கலைக்கழகமும் நட்டத்தைத் தாங்க மாட்டாது, பெரிய கல்லூரிகளின் வரிசையில் காற்பந்து ஆடுவதை அப்பருவத்தோடு நிறுத்திக்கொண்டது. அத்தகைய குழு அங்கே மீண்டும் அமையவில்லை.

குழு கலைந்ததேயன்றி அதன் ஆட்டக்காரர் மறையவில்லை. மாட்சன் 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் ஓடி, ஒரு வெள்ளிப் பதக்கமும் ஒரு வெண்கலப் பதக்கமும் பெற்றார். மாட்சன், மார்க்கெட்டி, செயின்ட் கிளேர் ஆகிய மூவரும் தொழில்முறைக் காற்பந்தின் புகழ்மன்றத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரிக் குழுவிலிருந்து மூவர் அம்மன்றம் புகுவது அரிது. குழுவின் செய்திகளை நாளிதழ்களுக்கு எழுதி அனுப்பிய பீட் ரோசல் என்னும் இளைஞர், 1960 முதல் 1989 வரை நாட்டின் தொழில்முறைக் காற்பந்து அமைப்புக்கே தலைவராக விளங்கினார்.

டோலரின் வாழ்க்கை வேறு வகையாகச் சென்றது. 1952இல் ஒரு காட்சி ஆட்டத்தில் அவருடைய முழங்கால் முறிவுற்றது. ஆட்டக்காரராகும் வாய்ப்பு அன்றோடு போயிற்று. அவர் ஆசிரியரானார். பின்னர்ச் சான்பிரான்சிஸ்கோ நகரில் இடைநிலைப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் ஆனார். அந்நகரில் அப்பதவியைப் பெற்ற முதற் கறுப்பர் அவரே. 1965இல் தொழில்முறைக் காற்பந்து அமைப்பு அவரை ஆட்ட நடுவருள் ஒருவராக அமர்த்தியது. அதற்குமுன் கறுப்பர் எவரும் அங்கே நடுவராக இருந்ததில்லை. வாரநாள்களில் பள்ளியை நடத்தியவர், ஞாயிற்றுக்கிழமைகளில் கோடுபோட்ட சட்டை அணிந்து களத்தில் நின்றார். தென்மாநில அரங்குகளிலும் அவர் ஊதல் ஒலித்தால் ஆட்டக்காரர் அனைவரும் ஓட்டத்தை நிறுத்தினர்.