கதவும் கேமராவும் ஒரே கடிகாரம் பார்க்கட்டும்!



"கேமரா இருக்கு, கார்டு காட்டினால் திறக்கும் கதவும் இருக்கு, அப்புறம் என்ன பயம்?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தொழிற்சாலைப் பயிற்சிக்குப் போகும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கே நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

தொழிற்சாலையின் பெயர் வேண்டாம். ஒருநாள் காலையில் ஸ்டோர் ரூமில் இருந்த காப்பர் கேபிள் சுருள் இரண்டைக் காணோம். கதவுக் கன்ட்ரோலரின் பதிவைப் பார்த்தார்கள். முந்தின இரவு 8.42-க்கு ஒரு கார்டு கதவைத் திறந்திருந்தது. அது யார் பேரிலும் இல்லாத 'பொதுக் கார்டு'. சரி, படத்தைப் பார்ப்போம் என்று ரெக்கார்டரில் 8.42-ஐ ஓட்டினார்கள். கதவுக்கு எதிரே, கையில் பையோடு எங்கள் ஹெல்பர் அண்ணன்! அது சாப்பாட்டுப் பை என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் ரெக்கார்டரைத் தூசி தட்டி வைக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். திரையில் ஓடிய நேரத்தையும் என் கைக்கடிகாரத்தையும் தற்செயலாகப் பார்த்தேன். ரெக்கார்டர் 23 நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது! கன்ட்ரோலரோ சரியான நேரத்தில் இருந்தது. அப்படியென்றால் கதவு திறந்த நேரம் ரெக்கார்டர் கணக்கில் 9.05. அதை ஓட்டினால், வேறொரு உருவம் கதவைத் திறந்து உள்ளே போகிறது. அண்ணனோ 8.25-க்கே மெயின் கேட்டில் தன் கார்டைக் காட்டி வீட்டுக்குப் போய்விட்டார். அதுவும் கன்ட்ரோலரிலேயே பதிவாகி இருந்தது. யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனைத் திரும்ப வேலைக்கு அழைத்தார்கள். ஆனால் அந்த உருவம் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கேமரா 12 மீட்டர் தள்ளி இருந்ததால் முகம் வெறும் கறையாகத் தெரிந்தது. "தம்பி, கேமரா பொய் சொல்லாதுன்னாங்களே!" என்று அண்ணன் என்னிடம் கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரைதான் என் பதில்.

1. முதலில் கேள்வி, பிறகு கருவி

கேமராவையும் கதவுக் கட்டுப்பாட்டையும் சேர்த்து ஒரே அமைப்பாகத் திட்டமிடும்போது, விலைப்பட்டியலைக் கையில் எடுக்காதீர்கள். கட்டடத்தின் வரைபடத்தை எடுங்கள். ஒவ்வொரு கதவுக்கும் நான்கு கேள்வி எழுதுங்கள். யார் நுழையலாம்? எந்த நேரத்தில்? ஏதாவது நடந்தால் பிறகு நமக்கு என்ன தெரிய வேண்டும்? கரண்ட் போனால் கதவு என்ன செய்ய வேண்டும்? இந்த நான்குக்கும் விடை எழுதினாலே பாதித் திட்டம் முடிந்தது.

2. ஒரே நேரம்

23 நிமிடம் எப்படி வந்தது? நம் கணக்கிலேயே பார்க்கலாம். சாதாரணக் கடிகாரக் கிரிஸ்டலில் பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிழை இருப்பது சகஜம். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. எனவே தினமும் 1.7 விநாடி தவறும். ஒரு வருடத்தில் பத்தரை நிமிடம்! இரண்டு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் ஒரு அப்பாவியின் வேலை போக அது போதும்.

மருந்து மிகவும் எளிது. என்.டி.பி. என்ற முறையில் ஒரே ஒரு நேர சர்வரை வைத்து, கேமரா, ரெக்கார்டர், கன்ட்ரோலர் எல்லாவற்றையும் அதையே பார்க்கச் செய்ய வேண்டும். இன்டர்நெட் இல்லாத இடத்தில் உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டரையே நேர சர்வராக வைக்கலாம்.

3. ஒரே பேர்

ஒரு கார்டுக்கு ஒரே ஆள். 'பொதுக் கார்டு' கூடவே கூடாது. கார்டு காட்டியதும் அந்தக் கதவின் படத்தில் 10 விநாடி முன், 20 விநாடி பின் தானாகக் குறி விழ வேண்டும். அப்போதுதான் 'கதவு திறந்தது' என்ற வரியைத் தொட்டால் திறந்தவரின் படமும் வரும். இதுதான் ஒருங்கிணைப்பு. இரண்டு கம்ப்யூட்டரை ஒரே மேஜையில் வைத்தால் ஒருங்கிணைப்பு ஆகிவிடாது!

வெவ்வேறு கம்பெனிக் கருவிகள் ஒன்றோடொன்று பேச ஒரு பொது மொழி வேண்டும். 2008-ல் ஆக்சிஸ், பாஷ், சோனி மூன்றும் சேர்ந்து தொடங்கிய ஆன்விஃப் அதற்குத்தான். அதில் வீடியோவுக்கு 'டி', கதவுக்கு 'சி' என்று தனித்தனிப் பிரிவுகள் உண்டு. வாங்கும்போது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

கார்டு ரீடருக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே போகும் வயரையும் கவனியுங்கள். பழைய வீகாண்ட் முறையின் 26 பிட்டில் கார்டு எண்ணுக்கு 16 பிட்தான். அதாவது 65,536 எண்கள். ரகசியக் குறியீடும் கிடையாது. வயரில் ஒட்டுக்கேட்டால் எண் வெளியே வந்துவிடும். புதிய ஓ.எஸ்.டி.பி. முறை ஆர்.எஸ்.485 வயரில் இரு பக்கமும் பேசும், ஏ.இ.எஸ். 128 குறியீட்டையும் பயன்படுத்தலாம். 125 கிலோஹெர்ட்ஸ் சாதாரணக் கார்டுகளை எளிதில் நகல் எடுத்துவிடலாம் என்பதும் நினைவிருக்கட்டும்.

4. முகம் தெரிய எத்தனை பிக்சல்?

2014-ல் வந்த ஐ.இ.சி. 62676-4 தரத்தின்படி, தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும். ஏற்கெனவே தெரிந்தவரை 'இவர்தான்' என்று சொல்ல 125 போதும். 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். 1,920-ஐ 250-ஆல் வகுத்தால் சுமார் 7.7 மீட்டர். படத்தில் விழும் அகலம் அதற்கு மேல் போகக் கூடாது.

2.8 மி.மீ. லென்ஸில் தூரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அகலம் விழும். எனவே 4 மீட்டருக்குள் நின்றால்தான் முகம் தேறும். எங்கள் ஸ்டோர் கேமராவோ 12 மீட்டரில் இருந்தது! அகலம் 24 மீட்டர், மீட்டருக்கு 80 பிக்சல். கறை தெரியாமல் வேறென்ன தெரியும்?

5. டிஸ்க் கணக்கு, பாட்டரி கணக்கு

ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. எட்டு கேமரா, 30 நாள் என்றால் சுமார் 5.2 டி.பி. கொஞ்சம் கைவசம் இருக்கட்டும் என்று 8 டி.பி. டிஸ்க் போடலாம்.

மொத்த லோடு 150 வாட், இரண்டு மணி நேரம் ஓட வேண்டும் என்றால் 300 வாட்-மணி. இன்வெர்ட்டரின் திறன் 80 சதவீதம் என்று வைத்தால் 375. பாட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்யக் கூடாது என்பதால் 750. அதை 12 வோல்ட்டால் வகுத்தால் 62.5, ஆக 65 ஆம்பியர்-மணி பாட்டரி. பி.ஓ.இ. கேபிள் ஒன்றுக்கு 100 மீட்டர்தான் எல்லை என்பதையும் மறக்காதீர்கள்.

6. உயிர்தான் முதலில்

1997 ஜூன் 13 அன்று டில்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் 59 பேர் இறந்தார்கள். பால்கனியிலிருந்து வெளியேறும் வழி அடைபட்டிருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. பூட்டு என்பது திருடனுக்குத்தான், உள்ளே இருப்பவருக்கு அல்ல.

மக்கள் வெளியேறும் கதவில் காந்தப் பூட்டு போட்டால், கரண்ட் போனதும் அது திறந்துகொள்ளும். ஆனால் பாட்டரி இருந்தால் திறக்காதே! அதனால் தீ அலாரத்தின் ரிலே, பூட்டுக்குப் போகும் கரண்டை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். சாஃப்ட்வேரை நம்பி இதை விடக் கூடாது. கதவருகே உடைத்துத் திறக்கும் பச்சைப் பெட்டியும் அவசியம்.

7. பார்க்கப்படுபவரும் மனிதரே

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. கழிப்பறை, உடை மாற்றும் அறைப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. கேமரா இருக்கிறது என்று போர்டு வையுங்கள். படத்தை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைக்கலாம் என்று எழுதி வையுங்கள்.

முடிவாக

வேலையை ஒப்படைக்கும் நாளில் ஒரு சின்ன டெஸ்ட் செய்யுங்கள். நண்பர் ஒருவர் கார்டு காட்டி உள்ளே போகட்டும். பதிவில் அவர் பேர், படத்தில் அவர் முகம், இரண்டிலும் ஒரே நேரம் இருக்கிறதா பாருங்கள். பிறகு தீ அலாரத்தை அழுத்துங்கள், கதவு திறக்கிறதா பாருங்கள். இதையே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி செய்யுங்கள்.

நண்பர்களே, கேமரா பொய் சொல்வதில்லைதான். ஆனால் நாம் சரியாகத் திட்டமிடாவிட்டால், அதை வைத்து நாம் பொய் சொல்லிவிடுவோம். நாளை நீங்கள் போடும் ஒவ்வொரு கேமராவுக்கு எதிரிலும் சாப்பாட்டுப் பையோடு ஒரு அண்ணன் நடந்து போவார். அவரை நினைத்து வயரைப் பூட்டுங்கள்!