நாற்காலியை எண்ணாதே, பேச்சை எண்ணு

அன்பு மருமகளுக்கு மாமன் எழுதுவது.

காரிமங்கலத்தில் தேங்காய் மண்டிக்கு மாடியில் ஆபீஸ் போடுகிறாய், பன்னிரண்டு பேர் உட்காரப்போகிறார்கள், பழைய லைனா, டிஜிட்டலா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் ஒரு வேலை செய் கண்ணு. சந்தை கூடும் செவ்வாய்க்கிழமை நாள் முழுக்க ஒரு நோட்டில் குறித்து வை: ஒரே நேரத்தில் எத்தனை பேர் போனில் இருக்கிறார்கள்? நான்கைத் தாண்டாவிட்டால் உனக்குப் பிஆர்ஐ வேண்டாம். அது 30 பேச்சு ஒன்றாக ஓடும் பாதை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சரி, உனக்கு வீண் வாடகை.

செம்புக் கம்பியோடு முப்பது வருஷம் இருந்தவன் நான். அதன் அருமை தெரியும். எக்ஸ்சேஞ்சிலிருந்து 48 வோல்ட் அதிலேயே வந்துவிடும். ஊரே இருண்டு கிடந்தாலும் சாதாரண போனில் மணி அடிக்கும். ஆனால் மழைத்தண்ணீர் ஜாயின்ட்டில் இறங்கினால் கரகரக்கும். இன்னொரு குறை வெளியே தெரியாது. ஒரு மண்டியில் இரண்டு லைனும் விடிந்ததிலிருந்து எங்கேஜ்டு. மூன்று நாள் தேடினேன். ராத்திரி வந்த அழைப்பை, ஆபீஸ் போன்களை வெளி லைன்களோடு இணைக்கும் இபிஏபிஎக்ஸ் பெட்டி இரண்டாவது லைன் வழியாக முதலாளியின் செல்லுக்குத் திருப்பியிருந்தது. இருவரும் போனை வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும் சைகை கம்பியில் வராததால் பெட்டி இரண்டு லைனையும் விடாமல் பிடித்திருந்தது. பாவம், மூன்று நாள் வியாபாரம் போயிற்று. டிஜிட்டலில் சைகைக்கென்றே தனி வழி உண்டு. வைத்த நொடியே தெரிந்துவிடும்.

டிஜிட்டல் நேற்று முளைத்ததும் இல்லை. 1984இல் தொடங்கிய அரசுத் தொலைபேசி ஆய்வு மையமான சி-டாட், 1986இல் கர்நாடகத்துக் கிட்டூரில் 128 லைன் எக்ஸ்சேஞ்சை வைத்தது. அப்படி எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறிய பிறகும் வீட்டுக்கு வரும் கடைசித் துண்டு மட்டும் பழையபடி நின்றது. இப்போது அதையும் ஃபைபர் எடுத்துக்கொள்கிறது. புதிதாகச் செம்பு கேட்காதே. ஃபைபரில் நான்கு பேச்சுக்கு எஸ்ஐபி லைன் வாங்கு; அது இன்டர்நெட் முறையில் பேச்சைக் கொண்டுபோகும் டிஜிட்டல் லைன். லாரியிலும் பில்லிலும் அச்சடித்த பழைய நம்பர் அப்படியே வருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. பழைய லைனைச் சேர்க்க அனலாக் கார்டும் போட இடமுள்ள இபிஏபிஎக்ஸாகப் பார்.

ஃபைபர் பெட்டிக்குக் கம்பியில் கரண்ட் வராது. அதையும் ரூட்டரையும் இபிஏபிஎக்ஸையும் இன்வெர்ட்டரில் சேர். வேலை முடிந்ததென்று ஆள் சொன்னதும் மெயினை அணைத்துவிட்டு உன் செல்லிலிருந்து கூப்பிட்டுப் பார். மணி அடித்தால் மட்டும் பணம் கொடு.

செவ்வாய் ராத்திரியே நோட்டைப் படம் எடுத்து அனுப்பு. நான் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே.

உன் மாமன்